சுருட்டு அலமாரிக்கு ‘ஸ்பானிஷ் சீடர்’ பலகை வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டிலேயே ஹியூமிடார் அலமாரி, அதாவது சுருட்டுகளை ஏற்ற ஈரப்பதத்தில் காக்கும் அலமாரி, செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு உட்புறப் பலகை, தட்டுகள், கதவுக்கான ரப்பர் பட்டை, ஈரப்பதமானி ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாக அனுப்பி வைப்பதாக விளம்பரம் செய்யும் சென்னை வியாபாரி ஒருவரிடம் பணம் கட்டி ஏமாந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லவிருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுத இயலாது. ஆனால் அவர் கையாண்ட முறைகளை வேறு எவரும் கையாளலாம் என்பதால், அவற்றை விவரமாகச் சொல்வது பயன்படும் என்று கருதுகிறேன்.

எங்கள் வீட்டில் பயன்பாடின்றிக் கிடந்த பழைய தேக்குக் கண்ணாடி பீரோவைத்தான் சுருட்டு அலமாரியாக மாற்ற முற்பட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் கொடுத்த கியூபா, நிகராகுவா சுருட்டுகளும் கொஞ்சம் உறையூர்ச் சுருட்டும் என்னிடம் இருந்தன. இவ்வகைக் கைச்சுருட்டுகளுக்கு 65 முதல் 70 சதவீதம் வரையான ஈரப்பதமும், 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பநிலையும் ஏற்றவை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. வெப்பநிலை 24 டிகிரியைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் புகையிலைக்குள் இருக்கும் வண்டின் முட்டைகள் பொரிந்து, சுருட்டில் குண்டூசி குத்தியது போன்ற துளைகள் தோன்றும் என்பதால், பீரோவை ஏசி அறையில் வைப்பதென்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன்.

உட்புறத்துக்கு ஸ்பானிஷ் சீடர் எனப்படும் செட்ரெலா மரத்தைப் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் தன்மை அதற்கு இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் முறுக்கிக்கொள்வதில்லை. அதன் இலேசான மணமும் புகையிலையோடு ஒத்துப்போகிறது. மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளில் வளரும் இம்மரம் நம் வேம்பும் மகோகனியும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதிகமாக வெட்டப்பட்டதால், அப்பகுதிகளில் விளையும் செட்ரெலா இனங்கள் முழுவதும் 2020 ஆகஸ்ட் முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே முறையாக இறக்குமதியான பலகையென்றால், அது புறப்பட்ட நாட்டின் சைட்டிஸ் அனுமதி அதற்கு இருந்தாக வேண்டும். வியாபாரியிடம் அதன் நகலைக் கேட்டபோது, ‘மொத்த லோடுக்கு ஒரே பேப்பர் சார், கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் இருக்கிறது, பலகையோடு அனுப்புகிறேன்’ என்றார். கொட்டேஷனில் ‘ஸ்பானிஷ் சீடர், இறக்குமதி’ என்று தெளிவாக எழுதியும் கொடுத்தார். அந்த எழுத்தை நம்பி அறுபது சதவீதம் முன்பணமும், பொருள் வந்திறங்கிய அன்றே மீதியும் கொடுத்தேன். அனுமதி நகல் இன்றுவரை வரவில்லை.

பலகை வந்தபோது பில்லில் வெறும் ‘சீடர் பலகை’ என்று மட்டுமே இருந்தது. வேலைக்கு வந்திருந்த ஆசாரி முதல் பலகையை இழைத்ததுமே, ‘ஐயா, இழைப்புளியில பிசுக்கு ஏறுது. இது வேம்பு சாதி மரமாத் தெரியல, பைன் மாதிரி இருக்கு’ என்றார். பலகையின் குறுக்குவெட்டு முனையைச் சவர பிளேடால் மழுமழுவென்று சீவி, நகை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தோம். செட்ரெலாவாக இருந்தால் ஆண்டு வளையத்தை ஒட்டி ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசையாகத் தெரிய வேண்டும். வேம்பையும் தேக்கையும் சீவிப் பார்த்தாலும் அத்தகைய துளைகள் தெரியும். எங்கள் கையில் இருந்த துண்டில் துளை ஒன்றுகூட இல்லை. வெளிர்நிறமும் அடர்நிறமும் மாறி மாறி வரும் கோடுகள் மட்டுமே இருந்தன. ஊசியிலை மரங்களின் அமைப்பு அது. மணமும் மூக்கில் ஏறும் கற்பூரத் தைல நெடியாக இருந்தது. இத்தகைய மரத்தின் அருகே சில வாரம் இருந்தாலே புகையிலையின் சொந்த மணம் போய்விடும்.

தொலைபேசியில் கேட்டதற்கு வியாபாரி தந்த பதில் தந்திரமானது. ‘ஸ்பானிஷ் சீடரிலும் பிசின் கசியும் சார், எங்கு வேண்டுமானாலும் படித்துப் பாருங்கள்’ என்றார். சரியாக உலர்த்தாத செட்ரெலாவில் பிசின் கசிவது உண்மைதான். ஆனால் துளைகளே இல்லாத மரத்துக்கு அந்த உண்மை எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு மரத்தை இனங்கண்டு சொல்கிறது; அங்கே ஒரு துண்டை அனுப்பினேன். இமயமலைத் தேவதாரு என்று அறிக்கை வந்தது. அதைக் காட்டியதும், ‘தேவதாருதானே சார் அசல் சீடர்? பில்லில் சீடர் என்றுதானே போட்டிருக்கிறேன்’ என்று ஒரே அடியில் முடித்துவிட்டார். தாவரவியல்படி தேவதாரு உண்மையான சீடர் இனம்தான். கொட்டேஷனில் இருந்த ‘ஸ்பானிஷ்’ பில்லில் ஏன் காணாமற்போனது என்பது அப்போதுதான் விளங்கியது. கொட்டேஷனில் உள்ள மரத்தின் பெயர், இயலுமானால் தாவரவியல் பெயரோடு, வரி பில்லிலும் அப்படியே வராதவரை மீதித் தொகையைக் கொடுக்க வேண்டாம்.

தட்டுகளுக்கு அனுப்பிய பிளைவுட்டிலும் இதே கதைதான். ஐ.எஸ். 710 தரம், அதாவது மரைன் பிளைவுட், என்று எழுதியிருந்தார். அந்தத் தரத்தில் கொதிநீரைத் தாங்கும் ஃபீனால் பசை பயன்படுகிறது. எங்களுக்கு வந்ததோ முத்திரை இல்லாத சாதாரண வணிகப் பிளைவுட். அலமாரியின் ஈரத்தில் சில வாரங்களுக்குள்ளேயே தட்டின் ஓரம் உப்பி அடுக்கு பிரிந்துவிட்டது. கதவைத் திறந்தால் கண் எரியும் ஃபார்மால்டிஹைடு நெடி வேறு. கண்ணாடி விளிம்புக்குத் தந்த சீலண்ட்டும் வினிகர் நாற்றம் அடிக்கும் மலிவு ரகம். அந்த இடத்துக்கு மணமற்ற நியூட்ரல் வகை சிலிக்கானே வேண்டும்.

இவற்றைவிட அதிக நட்டம் உண்டாக்கியது ஈரப்பதமானி. தங்க நிற வளையம் போட்ட அந்த முள் கருவி எப்போதும் 68-ஐத் தொட்டு அழகாக நின்றது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் நீர் சேர்த்து, கருவியோடு ஒரு ஜிப் பைக்குள் ஒரு நாள் மூடி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். எந்த ஈரப்பதமானியையும் இப்படிச் சோதிக்கலாம். இந்தக் கருவி அதில் 62 காட்டியது. அப்படியானால் அலமாரிக்குள் உண்மையில் 80-க்கு மேல் இருந்திருக்கிறது. அதற்கு ஏற்றாற்போல் தொகுப்பில் வந்த ஈரமூட்டியும் நீர் ஊற்றி வைக்கும் வெறும் பஞ்சு; அது ஈரத்தைக் கொடுக்குமே தவிரத் திரும்ப எடுக்காது. குளிர்ந்த, வறண்ட நாடுகளில் அது போதுமானதாக இருக்கலாம். ஏசியை அணைத்த சில மணி நேரத்தில் அறைக் காற்றே ஈரமாகிவிடும் சென்னையில், கூடினால் உறிஞ்சிக் குறைந்தால் விடும் இருவழிப் பொட்டலங்களோ சிலிக்கா மணிகளோதான் உதவும்.

சுருட்டுகளின் மேல் வெண்மை படர்ந்ததைப் படம் எடுத்து அனுப்பியபோது, ‘பூசணம் இல்லை சார், எண்ணெய் பூத்திருக்கிறது, உயர்ந்த சுருட்டுக்குத்தான் அப்படி வரும்’ என்று எழுதினார். பற்றவைக்கும் முனையைத் திருப்பிப் பார்த்தால் பச்சை கலந்த நூலிழைகள் பஞ்சுபோல் நின்றன. நூலிழையும் பச்சை நிறமும் இருந்தால் அது பூசணமேதான். இப்படிச் சொல்லி விற்பனையாளர்கள் சமாளிப்பது புதிதல்ல. அந்தச் சுருட்டுகளை எறியாமல் மற்றவற்றோடு வைத்தால் பெட்டி முழுவதும் பரவும். என்னிடம் இருந்ததில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று.

விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதையே வியாபாரி திரும்பத் திரும்பக் காட்டுகிறார். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்னும்போது அந்த வரி அவரைக் காப்பாற்றாது என்று வழக்கறிஞர் கூறியுள்ளார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். வக்கீல் நோட்டீசும் அனுப்பியாயிற்று.

தேவதாருப் பலகைகளைப் பிரித்தெடுத்துவிட்டு, செட்ரெலாவுக்கு நெருங்கிய உறவான நம் சந்தன வேம்புப் பலகைகளை மர டிப்போவில் நேரில் பார்த்து, முனையைச் சீவிச் சோதித்து வாங்கி ஆசாரி பொருத்தியிருக்கிறார். நம் நாட்டில் முன்பு சுருட்டுப் பெட்டிகளுக்குப் பயன்பட்ட மரம்தான் அது. விலையும் அந்தத் தொகுப்பின் விலைக்கு அருகில்கூட வரவில்லை. இதே வியாபாரியிடம் முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் இருந்தால், கொட்டேஷன், பில், உரையாடல் பதிவுகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள். பெங்களூரு அறிக்கையின் நகலையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தேவதாருத் துண்டையும் அனுப்பித் தருகிறேன்.