தாய்ப்பாலும் விமானமும்: குளிரவைத்துக் கையில் கொண்டுவருவதா, உறையவைத்துப் பெட்டியில் போடுவதா?

பயிற்சி, மாநாடு என்று ஒரு வாரம் வெளிநாடு போகும் தாய் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம். பால் சுரப்பதை விட்டுவிட்டுப் போக முடியாது. அங்கே பம்ப் பண்ணி எடுக்கும் பாலை வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று கேட்டால், பலரும் விமானம் எத்தனை மணிநேரம் என்றுதான் பார்க்கிறார்கள். மட்டக்களப்புக்காரர் அதற்குமேல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வீடுவரை வான் வண்டியில் வரும் ஆறேழு மணிநேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று என்றால் இன்னும் கூட.

முதல் வழி, பாலைக் குளிரவைத்து ஐஸ் பேக்குகளோடு கைப்பையில் கொண்டுவருவது. நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகளுக்கு நடுவில் புதுப்பால் 24 மணிநேரம்வரை தாங்கும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் கணக்கு. சென்னையிலிருந்து வந்தால் விமானம் ஒன்றரை மணிநேரம். காத்திருப்பு, இமிகிரேஷன், வான் எல்லாம் சேர்த்தாலும் அரை நாளுக்குச் சற்றுமேல்தான். டுபாய் என்றாலும் கவலையில்லை. லண்டனிலிருந்து நேரடி விமானத்தில் வந்தால் வீட்டு வாசலுக்கு வரும்போது 24 மணிநேரம் முடியும் தறுவாயில் இருக்கும். இடையில் எங்காவது மாறி வந்தால் கணக்கு உதைக்கும்.

இந்த வழியில் எல்லாம் அடுக்குவதில்தான் இருக்கிறது. பால் பைகளை முக்கால்வாசி நிரப்பி, காற்றை வெளியேற்றி, தட்டையாகப் படுக்கவைத்து பிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகுதான் கையில் கொண்டுவரும் குளிர்காக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இளஞ்சூட்டுப் பாலை நேரே உள்ளே வைத்தால் ஐஸ் பேக்கின் குளிர் பாதி அதற்கே போய்விடும். கீழே ஒரு பேக், மேலே ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. மிச்ச வெற்றிடத்தில் சின்னத் துவாய். பெட்டியை வழியில் திறந்து பார்க்கவே கூடாது. ஹோட்டல் அறையின் மினி பார் பெரும்பாலும் போதிய குளிர் தராது. ஐஸ் பேக்கை சமையலறை பிரீசரில் வைத்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இன்னொன்று: நம்மூரில் மீன் அனுப்பும் ரெஜிபோம் பெட்டி குளிரை நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் புதிதாக ஒன்று வாங்குங்கள், வாழைச்சேனை மீன் வாசம் அடிக்கும் பழையது வேண்டாம்.

இரண்டாவது வழி, கல்லாக உறையவைத்து, தடித்த பெட்டியில் சுற்றி, விமானத்தின் சரக்கறையில் போடும் சூட்கேசுக்குள் வைப்பது. நிறையக் கொண்டுவரலாம், பாதுகாப்புச் சோதனையில் வாதாடவும் தேவையில்லை. ஆனால் சூட்கேஸ் தவறிப்போய் மறுநாள் வந்தால்? கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு சின்ன அலைச்சல். நமக்குப் பால் போனது போனதுதான். வழியில் கடை ஐஸ் வாங்கிப் போட்டால் உருகுவது தாமதமாகும், உறைநிலையில் நிற்காது. முழுதாக உருகிய பாலை பிரிட்ஜில் வைத்து 24 மணிநேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். திரும்ப உறையவைக்கக் கூடாது. சிலருடைய பால் உறைந்து உருகியதும் சவர்க்கார வாசம் அடிக்கும். கெட்டுப்போனதல்ல, ஆனாலும் சில பிள்ளைகள் வாயில் வைக்காது. போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு பையை உறையவைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

உலர் ஐஸ், அதாவது உருகாமல் நேரே வாயுவாகும் உறைந்த காபனீரொட்சைட்டு, போட்டால் உறைநிலை நிற்கும். ஆளுக்கு இரண்டரைக் கிலோதான், விமான நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும், வாயு வெளியேற வழி இல்லாத பெட்டியில் வைக்கவும் கூடாது. ஒரு வாரப் பாலுக்கு இந்தப் பாடு வேண்டாம்.

அப்புறம், சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பிள்ளை கூட இல்லாவிட்டாலும் 100 மில்லிலீட்டருக்கு மேல் கையில் கொண்டுபோகலாம். சோதனை தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிரித்தானியாவிலும் பிள்ளை இல்லாமல் கொண்டுபோகலாம், ஒரு கொள்கலத்துக்கு இரண்டு லீட்டர்வரை. ஆனால் அங்கே உறைந்த தாய்ப்பாலைக் கையில் விடமாட்டார்கள், சரக்கறைக்குத்தான். அங்கேயும் முன்பு இப்படி இல்லை: 2016இல் ஹீத்ரோவில் பிள்ளை கூட இல்லை என்பதற்காக ஒரு தாய் 15 லீட்டரளவு பாலை இழந்தார். மற்ற நாடுகளில் பிள்ளை கூட இருந்தால்தான் விடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு, விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது.

என் தெரிவு இதுதான்: இந்தியா, வளைகுடா என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைப்பை. புறப்படுவதற்கு முந்திய மூன்று நாளில் எடுத்ததை மட்டும் குளிராகக் கொண்டுவாருங்கள், பிரிட்ஜில் நான்கு நாள்தான் தாங்கும், பயண நேரமும் அதில் சேரும். லண்டன், அதற்கப்பால் என்றால் முதல் நாட்களின் பால் உறைந்து சூட்கேசில், கடைசி இரண்டு நாளின் பால் கையில். ஒன்று தவறினாலும் மற்றது வரும். பம்ப் எப்போதும் கைப்பையில்தான், அதன் உதிரி பட்டரியும் பவர் பேங்கும் கூட. அவற்றைச் சரக்கறையில் போட அனுமதியில்லை. எதையும் கொண்டுவர வழியில்லாமல் ஊற்றிவிட நேர்ந்தாலும், பிள்ளை குடிக்கும் நேரத்துக்குப் பம்ப் பண்ணுவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும், திரும்பி வரும்போது சுரப்பும் குறைந்திருக்கும்.