ஊரில் 24 மணி நேர யூரின் பொட்டாசியம்: கேனும் கணக்கும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில் வயிற்றுப்போக்கு, கால் தளர்ச்சி; ரத்தப் பொட்டாசியம் 3.0, அதாவது குறைவு. பொட்டாசியம் சிறுநீர் வழியாகப் போகிறதா என்று பார்க்க டாக்டர் 24 மணி நேர யூரின் பொட்டாசியம் எழுதித் தருகிறார். மதுரை, திருச்சி லேப்களிலேயே செய்துகொள்ளலாம். அனலைசரில் பெரிதாகத் தப்பு வராது, சேகரிப்பதில்தான் வரும்.

கவுண்டரில் தரும் 5 லிட்டர் கேனின் அடியில் கொஞ்சம் திரவம் தெரிந்தால் அது ஆசிட். கால்சியம் போன்ற சோதனைகளுக்குப் போடுவது, பொட்டாசியத்துக்குத் தேவையில்லை. சீட்டைக் காட்டி வெறும் கேன் கேளுங்கள்.

காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் சிறுநீரைக் கொட்டிவிட்டு, நேரத்தைக் கேன்மேல் எழுதுங்கள். அதன்பின் ஒரு சொட்டு விடாமல் மக்கில் பிடித்து ஊற்றி, மறுநாள் 6 மணிச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். அதிகம் தவறுவது மலம் கழிக்கும்போதுதான். முதலில் சிறுநீரைப் பிடித்துவிட்டு உட்காருங்கள். கல்யாணம், கோயில் என்று அலையும் நாள் வேண்டாம். கேன் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சாப்பாடு வழக்கம்போல்; அன்றைக்கென்று இளநீர் குடித்தால் அளவு ஏறும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

ஒரு லேப் ரிப்போர்ட்டில் '30 mmol/L' (லிட்டருக்கு 30 மில்லிமோல்) மட்டும் அச்சாகியிருந்தது. மொத்த அளவு இல்லாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1600 மில்லி என்றால் நாளுக்கு 48 மில்லிமோல். ரத்தத்தில் குறைந்திருக்கும்போது இவ்வளவு போனால் சிறுநீரகம் வழியாக இழப்பு. 25க்குக் கீழே என்றால் சிறுநீரகம் பிடித்துவைக்கிறது. வயிற்றுப்போக்கே காரணமாக இருக்கலாம். கேனில் 400 மில்லி விடுபட்டால் 48 என்பது 36 ஆகிவிடும். அதனால் கிரியேட்டினினும் (தசையிலிருந்து வந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் போகும் கழிவு) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆண்களுக்குக் கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 20 மில்லிகிராம், பெண்களுக்கு 15. மிகக் குறைந்தால் சேகரிப்பு முழுமையில்லை.

ஃபிளைட்டுக்கு நாளில்லையா? ஒரு தடவைச் சிறுநீரில் பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டும் பார்த்தால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 13 மில்லிஈக்விவலன்ட்டுக்கு (பொட்டாசியத்தில் இதுவும் மில்லிமோலும் ஒன்றே) மேல் பொட்டாசியம் போனால் சிறுநீரக இழப்பு என்று பார்ப்பார்கள். லண்டன், டொரண்டோ டாக்டர்களுக்கு இதே எல்லை, ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிமோல் பொட்டாசியம் என்ற கணக்கில், சுமார் 1.5.