பழைய இரும்புத் தண்டவாளமும் ஆறு வருடத் துருவும்

ஒரு பெட்டி நிறையப் பழைய மாடல் ரயில் தண்டவாளங்கள் கைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பாதி, லயனல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஓ கேஜ் (அகலம் கூடிய அளவு), தகட்டைக் குழாய்போல் மடித்துச் செய்தது. மீதி, டிரை-ஆங் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 16.5 மில்லிமீட்டர் அகல ஸ்டீல் டிராக். இப்போது கிடைக்கும் நிக்கல் சில்வர் டிராக்கைப் போட்டால் துருத் தொல்லையே இல்லை (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்). ஆனால் என் டிரை-ஆங் இன்ஜின்கள் சிலவற்றில் காந்தப் பிடி உண்டு, மேக்னட்ஹீஷன் என்பார்கள். காந்தம் தண்டவாளத்தை இழுத்துப் பிடிப்பதால் சக்கரம் வழுக்காது. அதற்கு இரும்புதான் வேண்டும்.

முதல் மாதமே வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். துரு கண்ட இடமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குக் கண்ணாடிபோல் மின்னியது. ஒரே மழைக்காலம்தான்: தேய்த்த குழாய் டிராக்குகள் செம்மண் நிறமாகிவிட்டன, சோம்பலில் தொடாமல் விட்டவை அப்படியே இருந்தன.

காரணம் மேலிருந்த வெள்ளீயப் பூச்சு. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயம் அப்படியில்லை. பூச்சு விட்டுப்போன இடத்தில் ஈரம் பட்டால் இரும்புதான் முதலில் அரிக்கும், பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாக. இது தெரியாமல் நானே கையால் பூச்சைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். ஸ்டீல் உல் (தேய்க்கும் இரும்பு நார்) இன்னும் மோசம். உதிரும் இழைகளைக் காந்தம் வாரிக்கொள்ளும். மோட்டாருக்குள் போனால் ஷார்ட் சர்க்யூட்.

இப்போது லேசான துருவுக்கு, மெல்லிய எண்ணெய் தொட்ட முரட்டுத் துணி மட்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே பூச்சு போய்ப் பொருக்குத் தட்டியவற்றை மட்டும் கழற்றி வினிகரில் ஊறவைக்கிறேன். மின்சாரம் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷன் அட்டைகளை முதலில் எடுத்துவிட வேண்டும், ஈரம் குடித்தால் உப்பிவிடும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே ஹேர் டிரையரால் உலர்த்த வேண்டும். ஒருமுறை இடையில் போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பியபோது புதுத் துரு படர்ந்திருந்தது.

எண்ணெயை ரெண்டு வருடம் தாராளமாகப் பூசிப் பார்த்தேன். துரு நின்றது, சரி. ஆனால் தூசியோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாகி, தண்டவாளம் வழியாக இன்ஜினுக்குப் போகும் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்ந்தது. சக்கரத்தின் ரப்பர் வளையங்களும் ஊறித் தளர்ந்தன. இப்போது பூசியபின், எண்ணெய் இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுகிறேன். டிரை-ஆங் டிராக்கின் பக்கவாட்டுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. மேற்பரப்பிலும் இணைப்புகளிலும் படக்கூடாது, மின்சாரம் தடைபடும்.

பலர் புகழும் 6பி பென்சில் கிராஃபைட்டையும் தேய்த்துப் பார்த்தேன். ஓட்டம் சீரானது உண்மை. ஆனால் துருவை அது தடுக்காது. ஈரம் சேர்ந்தால் இரும்பை அரிக்கத் தூண்டவும் செய்யும். ஓட்டும் நாளில் மட்டும் கொஞ்சம், எடுத்து வைக்கும்முன் துடைத்துவிட வேண்டும்.

உண்மையில் வித்தியாசம் காட்டியது பூசியது எதுவும் இல்லை, வைத்த இடம்தான். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பதமானி. முள் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி, 60 தாண்டினால் ஜெல்லை உலர்த்தும் நேரம். செய்தித்தாளில் சுற்றவே கூடாது, அது ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்தால், டப்பாவைச் சில மணி நேரம் திறக்காமல் விடுகிறேன். இல்லாவிட்டால் தண்டவாளமெல்லாம் வியர்த்துவிடும். அப்புறம் கையுறை. ஒரு நேர்த்துண்டில் என் கட்டைவிரல் ரேகை துருவாகவே பதிந்திருக்கிறது, வியர்வையின் உப்பு செய்த வேலை.

நாலு வருடமாக இப்படித்தான். டிரை-ஆங் துண்டுகளில் புதுத் துரு இல்லை. லயனல் குழாயின் உட்புறம் மட்டும் இன்னும் கைக்கு எட்டவில்லை. முனையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சாய்த்து வைக்கிறேன். போன வாரம்கூட ஒரு வளைவுத் துண்டை மேஜைமேல் தட்டியபோது செந்தூள் உதிர்ந்தது.