டிப்ரெஷன் குறைந்தது சரி, வாழ்க்கை? எந்தக் கேள்வித்தாளை நம்புவது

டிப்ரெஷனின் கடுமையை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் மதிப்பெண் 7 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால், டிப்ரெஷன் தணிந்துவிட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள். நோயாளி வேலைக்குத் திரும்பினாரா, வீட்டில் யாரோடாவது பேசுகிறாரா, கையில் காசு இருக்கிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. அதற்காக வந்தவைதான் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள்கள். அவற்றில் எதை எடுப்பது என்பதில்தான் வம்பே.

அதிகம் புழங்குவது உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ.குவால்-பிரெஃப். 26 கேள்விகள், கடந்த இரண்டு வார நிலவரம். இதன் மூலக் கேள்வித்தாளை உருவாக்கிய மையங்களில் டெல்லியோடு சென்னையும் இருந்தது. வீடு, வருமானம், பாதுகாப்பு, போக்குவரத்து, மருத்துவ வசதி என்று சுற்றுச்சூழலுக்கு மட்டும் 8 கேள்விகள். மாத்திரையால் தீராத கஷ்டங்கள் அங்கேதான் வெளியே வரும்.

சமூக உறவுப் பகுதியில்தான் சிக்கல். மொத்தமே மூன்று கேள்விகள்; அதில் ஒன்று தாம்பத்திய உறவு பற்றியது. மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அதை யார் நிரப்புவார்கள்? ஒன்றைக் காலியாக விட்டால் மற்ற இரண்டின் சராசரியை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு காலியானால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே கிடையாது. அப்புறம், எதிர்மறையாகக் கேட்கும் 3, 4, 26 ஆகிய கேள்விகளின் மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். எக்செலில் ஏற்றும்போது இதை மறப்பது சர்வசாதாரணம்.

அந்த 26ஆவது கேள்வியே எனக்கு உறுத்தல். மனச்சோர்வு, விரக்தி, பதற்றம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று அது கேட்கிறது. நோயின் அறிகுறியை ஏற்கெனவே ஒரு தாளில் எண்ணிவிட்டு, வாழ்க்கைத் தரம் என்ற பெயரில் மறுபடியும் எண்ணினால், இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதில் ஆச்சரியம் என்ன?

ஜீன் எண்டிகாட் குழுவினர் 1993இல் வெளியிட்ட கியூ-லெஸ்-கியூ வேறு ரகம். அதன் குறுவடிவில் 16 கேள்விகள். முதல் 14ஐக் கூட்டினால் 14 முதல் 70 வரை வரும். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு திருப்தி என்பதுதான் கேள்வி. சீக்கிரம் முடியும், மருந்து ஆய்வுகளில் செல்லப்பிள்ளை. ஆனால் மட்டுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய் உள்ளவருக்கு, மேனியா என்கிற அந்த உற்சாகம் ஏறும் நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். கடன் வாங்கிப் பொருள் வாங்கிக் குவித்தவர் பண நிலைமைக்கும் முழு மதிப்பெண் 5 போடுவார். தாளை மட்டும் பார்த்தால் ஊரிலேயே சந்தோஷமான ஆள் அவர்தான்.

பைபோலாருக்கென்றே 2010இல் வந்தது கியூ.ஓ.எல்.-பி.டி. கனடாவின் எரின் மிக்கலாக்கும் ஆஸ்திரேலியாவின் கிரெக் மர்ரேயும் முன்னின்று செய்தது. முழு வடிவம் 56 கேள்விகள், சுருக்கம் 12. தூக்கம், கவனம், வீட்டுப் பராமரிப்பு, சுயமரியாதையோடு ‘நான் யார்’ என்ற அடையாள உணர்வையும் தனியாகக் கேட்கிறது. உச்சத்தில் ஆடியது நானா, படுக்கையில் கிடந்தது நானா என்ற குழப்பம் இந்த நோயில் பெரிய பாரம். மற்ற தாள்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நோயில்லாதவர்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் மட்டும் இது அவ்வளவு தோதுப்படாது.

எந்த நோய்க்கும் பொதுவான ஈ.கியூ-5டி கேள்வித்தாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தே வரி, இன்றைய நிலை மட்டும். பதற்றமும் மனச்சோர்வும் ஒரே வரியில் அடக்கம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு போலச் செலவுக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது தேவை. ஓ.பி.யில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் புரிந்துகொள்ளப் போதாது.

என் தேர்வு இதுதான். டிப்ரெஷனுக்கு டபிள்யூ.எச்.ஓ.குவால்-பிரெஃப், உடல், மனம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்ற அதன் நான்கு பகுதிகளையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது. பைபோலாருக்கு கியூ.ஓ.எல்.-பி.டி.யின் 12 கேள்விச் சுருக்கம். கூடவே அதே நாளில், மேனியாவின் கடுமையை அளக்கும் யங் மேனியா அளவுகோலும். எந்தத் தாளானாலும், கடும் சோர்வில் நிரப்பியதை மட்டும் தொடக்கப்புள்ளியாக வைத்தால் முன்னேற்றம் ஊதித் தெரியும். நோய் தணிந்ததும் ஒருமுறை நிரப்பச் சொல்லி, அடுத்தடுத்த வருகைகளை அதோடு ஒப்பிடுங்கள்.