இரண்டு டிஸ்க்கில் இரண்டு ஓஎஸ்: கிரப் மெனுவா, பூட் கீயா?

எஸ்எஸ்டியில் விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து இந்த ஏற்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தனித்தனி டிஸ்க்தானே, அப்புறம் ஏன் ஒன்றைக் கழற்றினால் இன்னொன்றும் கிளம்ப மாட்டேன் என்கிறது?

போன மாதம் தெரிந்தவர் ஒருவரின் கணினியில் இதேதான் நடந்தது. பெரிய எஸ்எஸ்டி போடுவதற்காகப் பழைய 256 ஜிபி எஸ்எஸ்டியைக் கழற்றியிருக்கிறார், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த லினக்ஸும் சேர்ந்து காணாமல் போய்விட்டது. நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பி போட்டு, டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் ஜிபார்ட்டெட்டைத் திறந்து பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கும் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்றே ஒன்றுதான், பூட் ஃபைல்கள் இருக்க வேண்டிய ஃபேட்32 பார்ட்டிஷன் எதுவுமே இல்லை. கழற்றிய எஸ்எஸ்டியை மறுபடி மாட்டி, ஓஎஸ்ஸைக் கிளப்பும் பூட் ஃபைல்கள் இருக்கும் அதன் 100 எம்பி இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனைத் திறந்தேன். விண்டோஸின் பூட் ஃபோல்டரும் லினக்ஸின் பூட் ஃபோல்டரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதாவது வீடு இரண்டு, வாசல் ஒன்று. இந்தப் பார்ட்டிஷனைச் சுருக்கமாக இஎஸ்பி என்பார்கள். ஏற்கெனவே ஒரு இஎஸ்பி இருந்தால் பல லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் அதையே எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் இன்ஸ்டாலரும் அப்படித்தான்.

சரி, எதை வைத்து ஓஎஸ் தேர்வு செய்வது? முதல் வழி கிரப் மெனு. கிரப் என்பது லினக்ஸோடு வரும் பூட்லோடர், அதாவது ஓஎஸ்ஸைக் கிளப்பிவிடும் சின்ன நிரல். கணினியைப் போட்டதும் பட்டியல் வரும், அம்புக்குறியால் தேர்வு செய்தால் போதும், வீட்டில் யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கோளாறுகளும் இங்கேதான் அதிகம். கிரப் 2.06-லிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும், அதனால் திடீரென்று மெனுவில் விண்டோஸ் இல்லாமல் போகும். பதற வேண்டாம், விண்டோஸ் அழிந்துவிடவில்லை. கிரப்பின் டிஃபால்ட் செட்டிங்ஸ் ஃபைலில் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்து கிரப்பை அப்டேட் செய்தால் திரும்பி வந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் மதர்போர்டு ஓஎஸ்ஸைக் கிளப்பும் இரண்டு முறைகளில், விண்டோஸ் பழைய லெகசி முறையிலும் லினக்ஸ் புதிய யுஇஎஃப்ஐ முறையிலும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், யுஇஎஃப்ஐ கிரப்பால் லெகசி விண்டோஸைக் கிளப்ப முடியாது. விண்டோஸ் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கிரப் வழியாக விண்டோஸுக்குள் போனால் பூட் ஆகும் பாதை மாறிவிட்டது என்று அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சொந்த இஎஸ்பி, மதர்போர்டின் பூட் மெனுவில் தேர்வு. அதைத் திறக்கும் பூட் கீ டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ போர்டுகளில் எஃப்11. ஒரு ஓஎஸ் அப்டேட் ஆகி எதையாவது மாற்றினாலும் அடுத்த டிஸ்க்கின் பூட் ஃபைல்களில் கை வைக்க வாய்ப்பு மிகக் குறைவு. குறை என்னவென்றால், சரியான நொடியில் கீயை அழுத்த வேண்டும், புளூடூத் கீபோர்டு அந்த நேரத்தில் பெரும்பாலும் வேலை செய்யாது. மதர்போர்டின் சொந்த மென்பொருளான பயாஸை அப்டேட் செய்த பிறகு லினக்ஸின் பெயர் பூட் பட்டியலிலிருந்து அழிந்துபோவதும் உண்டு. இதற்காகத்தான் கிரப்பை நிறுவும்போது ரிமூவபிள் என்ற ஆப்ஷனையும் கொடுக்கச் சொல்கிறேன், அப்போது எல்லா யுஇஎஃப்ஐயும் கடைசியாகத் தேடும் பொதுவான இடத்தில் ஒரு பிரதி உட்கார்ந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் இரண்டு வழியும் ஒன்றுதான். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று நம்பகமான பூட்லோடர்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டில் பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடை செய்து, இரண்டு ஓஎஸ் வைத்த டூயல் பூட் கணினிகளையும் பாதித்தது. அந்தத் தடை எழுதப்படுவது டிஸ்க்கில் அல்ல, மதர்போர்டில், அதனால் தனி இஎஸ்பி வைத்தவர்களும் தப்பவில்லை. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் (mokutil) என்ற கருவியைக் கொண்டு அந்தத் தடைப் பட்டியலை அழித்துத்தான் மீண்டார்கள்.

ரீஃபைண்ட் என்ற பூட் மெனு மூன்றாவது வழியாக உண்டு. ஒவ்வொரு முறையும் எல்லா டிஸ்க்கையும் தானே தேடிப் படமாகக் காட்டும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதுவும் ஏதோ ஒரு டிஸ்க்கின் இஎஸ்பியில்தான் குடியிருக்கிறது.

விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுவதும், லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாமல் போவதும் பூட்லோடர் கோளாறே இல்லை. முதலாவது மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் நம்மூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது, இரண்டாவது விண்டோஸை முழுதாக அணையவிடாத அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால். அதை அணைத்துவிடுங்கள்.

என் தேர்வு இரண்டும் கலந்தது. இஎஸ்பி கட்டாயம் தனித்தனியாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அதற்கு மேல் லினக்ஸ் டிஸ்க்கை முதல் பூட்டாக வைத்து கிரப்பில் விண்டோஸையும் காட்டுங்கள். லினக்ஸ் டிஸ்க் செத்தாலும் விண்டோஸ் தன் வாசல் வழியாக வரும். பிட்லாக்கர் இருந்தால் மட்டும் பூட் கீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாக நிறுவுபவர்கள் அந்த நேரத்தில் மற்ற டிஸ்க்கின் சாட்டா கேபிளை உருவிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த மிக நம்பகமான முறை. எம்.2 டிரைவ் என்றால் திருகைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் சில போர்டுகளில் பயாஸிலேயே அணைக்கலாம்.

அவர் கணினியில் ஹார்ட் டிஸ்க்கின் எக்ஸ்ட்4-ஐச் சுருக்கி 512 எம்பி ஃபேட்32 உருவாக்கி, அதில் கிரப்பை நிறுவி, லினக்ஸ் எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைக்க வேண்டும் என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில், பூட் இஎஃப்ஐ வரியில் இருந்த யுயுஐடி என்ற பார்ட்டிஷன் அடையாளத்தைப் புதியதாக மாற்றினேன். அப்புறம் கணினியை அணைத்து, எஸ்எஸ்டியின் கேபிளை உருவி, பவர் பட்டனை அவரையே அழுத்தச் சொன்னேன். லினக்ஸ் வந்தது. கேபிளை மாற்றி மாட்டி மறுபடி அழுத்தினார், விண்டோஸ் வந்தது.