மட்சா குரோசானா, கறுப்பு எள் குரோசானா?

கஃபேயின் கண்ணாடிப் பெட்டியில் ஜப்பானியச் சுவை குரோசான்கள், அதாவது வெண்ணெய் அடுக்குகள் கொண்ட பிரெஞ்சு ரொட்டிகள், வரிசையாக இருந்தால், கை முதலில் பச்சைத் தேயிலைப் பொடியான மட்சா சேர்த்ததைத்தான் காட்டும். அந்தப் பச்சை நிறம் அப்படி இழுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்த பிறகு நான் கறுப்பு எள் கட்சிக்கு வந்துவிட்டேன்.

வெண்ணெய் மணம், மொறுமொறுப்பு, அடுக்குகள் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் ஓவனுக்குள் போனதும் தொடங்குகிறது.

மட்சாவுக்கான தேயிலையைப் பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் நிழலில் வைத்து வளர்க்கிறார்கள். பச்சையம் கூடுவது அதனால்தான். அந்தப் பச்சையத்துக்கு ஓவன் சூடு ஆகாது. அதன் நடுவில் இருக்கும் மக்னீசியம் கழன்றுவிட, பச்சை மங்கிப் பழுப்பாகிறது. இளந்தளிர் போன்ற மணமும் போய், கசப்பு மட்டும் தங்குகிறது. அதை மறைக்கச் சர்க்கரையைக் கூட்டினால், தேநீர் இருந்த இடமே தெரியாது. வெந்த பிறகும் பளீரென்று பச்சையாக இருக்கும் மாவைப் பார்த்தால் எனக்குச் சாயத்தின் மேல்தான் சந்தேகம் வரும்.

எள்ளுக்குச் சூடு பட்டால்தான் வாசனையே. அதன் எடையில் பாதியளவு எண்ணெய் என்பதால் வறுத்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெண்ணெயோடும் எளிதில் சேரும். நல்ல எள் குரோசானைக் குறுக்கே வெட்டினால் பொன்னிற அடுக்குகளுக்கு நடுவே கறுப்புச் சுருள் ஈரப் பளபளப்போடு தெரியும். நாக்கில் முதலில் இனிப்பு, அப்புறம் வறுத்த மணம், விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் லேசான கசப்பு. தித்திப்பு திகட்டாமல் காப்பாற்றுவது அந்தக் கசப்புதான்.

மேல்நாட்டு ரொட்டிக்குள் ஜப்பானியச் சுவை என்பது புது ஃபேஷனும் இல்லை. தோக்கியோவின் கிமுராயா கடை 1874இலேயே இனிப்புப் பயறு விழுது வைத்த அன்பான் ரொட்டியைச் செய்துவிட்டது. அந்த விழுதும் முன்பே நன்றாக வெந்தது. ஓவனில் அது இழக்க ஒன்றுமில்லை.

எள்ளுக்கும் ஒரு குறை உண்டு. அரைத்து நாளானால் எண்ணெய் காறிப்போகும். முகர்ந்தாலே தெரிந்துவிடும், அப்படிப்பட்டதை வாங்கவே கூடாது. அதேபோல, வெந்து ஆறிய குரோசானுக்குள் மட்சா கிரீம் நிரப்பித் தந்தால் என் புகார் அங்கே செல்லாது. நிறமும் மணமும் அப்படியே இருக்கும். ஆனால் கிரீம் ஊறி அடுக்குகள் நமத்துப்போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதனால் வாங்கும் முன் மட்சா மாவில் இருக்கிறதா, கிரீமில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

யூசு என்ற ஜப்பானிய எலுமிச்சை வகைப் பழத்தில் செய்த டார்ட்டும் சாப்பிட்டிருக்கிறேன். புளிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் இந்த இரண்டோடு வைத்து எடைபோடும் அளவுக்கு அதில் எனக்குப் பழக்கம் இல்லை. மட்சா ஆசை வந்தால் இப்போதெல்லாம் அதைக் கோப்பையில் வாங்கிக்கொள்கிறேன், பக்கத்தில் எள் குரோசானோடு.