ஒரே வாதம், இரண்டு படங்கள்

1854-இல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது, பிராட் தெரு அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. வாதத்தைப் படமாக வரையப் பல முறைகள் உண்டு. அவற்றில் இரண்டில் ஸ்னோவின் வாதத்தைப் போட்டுப் பார்த்தேன்.

முதலில், தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-இல் முன்வைத்த அமைப்பு. தரவு, முடிவு, இரண்டையும் இணைக்கும் விதி, விதிக்கு ஆதாரம், உறுதியின் அளவு, விதிவிலக்கு என்று ஆறு உறுப்புகள். தரவு: பம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்தன. முடிவு: அந்தத் தண்ணீரே காரணம். சரி, விதி? ‘சாவு குவியும் இடத்தில்தான் காரணமும் இருக்கும்.’ எழுதியதுமே ஓட்டை தெரிந்துவிடுகிறது. கெட்ட காற்றும் அதே இடத்தில் தேங்கியிருக்கலாமே! சொல்லாமல் விட்டதைச் சொல்ல வைப்பதுதான் இந்த முறையின் பலம். மணிமேகலையில் ‘இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்து ஆதலால், அடுக்களை போல்’ என்று படித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. அங்கே திட்டாந்தம் (‘அடுக்களை போல்’ என்ற எடுத்துக்காட்டு) செய்யும் வேலையை இங்கே விதி செய்கிறது.

ஆனால் ஸ்னோவிடம் இருந்தது ஒரே ஒரு சான்று அல்ல. அங்கேதான் மர வரைபடம் வெல்கிறது. முடிவு உச்சியில், காரணங்கள் கீழே கிளைகளாக. இப்படி வாதங்களை வரைய உதவும் ரேஷனேல் மென்பொருளில் காரணம் பச்சை, எதிர்வாதம் சிவப்பு.

பம்புக்கு அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் 5 பேர்தான் இறந்தார்கள். காற்று ஒன்றே, விடுதியின் கிணறு வேறு, சாவு குறைவு: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு காரணம். ஒன்றை உருவினாலும் கிளை முறிந்துவிடும். அதே தெருவின் பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் யாரும் காலராவில் சாகவில்லை; அவர்கள் குடித்தது பீர், பம்புத் தண்ணீர் அல்ல. இது தனிக்கிளை, விடுதிக் கிளை விழுந்தாலும் நிற்கும். கூட்டாகத் தாங்குவதற்கும் தனித்தனியாகத் தாங்குவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் காட்ட டூல்மினின் படத்தில் இடமே இல்லை. சான்றுக்கு ஒரு படம் என்று வரைந்துகொண்டே போக வேண்டும்.

செப்டம்பர் 8-இல் பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அதன் கீழே ஒரு சிவப்புப் பெட்டி: அதற்கு முன்பே சாவுகள் குறையத் தொடங்கிவிட்டன. ஸ்னோவே ஒப்புக்கொண்டது இது. அந்தக் கிளை பட்டுப்போகிறது, மரம் நிற்கிறது.

வழக்குச் சான்றுகளுக்காக 1913-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் விக்மோர் உருவாக்கிய வரைபடமும் உண்டு. அதன் குறியீடுகளைப் படிக்கவே தனிப்பயிற்சி வேண்டும்; தொடங்குபவர்களுக்கு வேண்டாம்.

நான் மரத்தைத்தான் வரைவேன். ஆனால் கிளைகளை முடிவோடு இணைக்கும் அதன் அம்புகள் ஊமை. ஏன் தாங்குகின்றன என்று சொல்லாது. அதனால் மிகப் பலவீனமான அம்பில் மட்டும் டூல்மினின் விதியையும் விலக்கையும் எழுதிவிடுவேன். இங்கே அது பீர் ஆலை: ஒருவேளை பீரேதான் காலராவைத் தடுத்ததோ? அப்படியே இருந்தாலும் இன்னொரு கிளை அசையாது. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை, ருசிக்காக இந்தப் பம்பின் தண்ணீரை வண்டியில் வரவழைத்துக் குடித்து இறந்துபோனார். சோஹோவிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தது தண்ணீர், காற்று அல்ல.